எட்டாங்கட்டைத் தோட்டத்து வேதியியலாளர்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றாம் ஆண்டு, பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கேமரன் மலையில் கம்போங் ராஜாவுக்குப் போகும் பாதையில் இருக்கிற எட்டாங்கட்டைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொன்பது அறிவியலாளர்கள் வசித்துவருவது கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி தனராஜ். இதற்காக அவர் ஆப்பீசை விட்டு வெளியே போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அத்தனை பேரையும் கண்டுபிடித்து முடித்துவிட்டார்.

அவர்களில் ஒருத்தி பாஞ்சாலை. தான் அறிவியலாளர் ஆன அந்த நேரத்தில் அவள் மேல்மலையில், முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, தேயிலைச் செடிக்கு நடுவில் புல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தாள். மூக்கில் ரத்தம் வந்தது. தலைத்துண்டின் நுனியால் துடைத்துவிட்டு அடுத்த நிரைக்குப் போனாள்.

கண்ணுகளா, கேட்கும்போது சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் மட்டும் கவனமாக இருங்கள்.

அந்தக் காலத்தில் நம் நாட்டையும் சேர்த்து ஐந்து அண்டை நாடுகள் கூடி ஒரு குழு வைத்திருந்தன. அண்டை நாடுகளின் அறிவியல் தொழில்நுட்ப வியூகக் கூட்டுக்குழு என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு நாடும் தன் முன்னேற்றத்துக்கு ஒரு வியூகம் எழுத வேண்டும். எழுதியதை மற்ற நான்கு நாடுகளும் வாங்கிப் படித்துவிட்டு அதைவிடக் கனமாக ஒன்று எழுத வேண்டும். ஒன்பது வருஷமாக இப்படி எழுதி எழுதி, ஒவ்வொரு வியூகமும் தலைக்கு வைத்துப் படுக்கிற உயரத்துக்கு வந்துவிட்டது. கூட்டம் வருஷாவருஷம் பிரிஞ்சாங்கில் ஒரு ஓட்டலில் நடக்கும். கீழ்நாட்டு வெயிலில் வியூகம் தோன்றாது என்று முதல் வருஷமே தீர்மானம் போட்டிருந்தார்கள். கியா பார்மிலிருந்து தினம் ஒரு கூடை ஸ்ட்ராபெரி போகும்.

எண்பத்தொன்றில் குழுவுக்கு ஒரு சங்கடம் வந்தது. பத்தாயிரம் பேருக்கு எத்தனை அறிவியலாளர் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். நம் நாட்டுக்கு நான்கு. பக்கத்து நாடு ஒன்றுக்கு ஏழு. அதெப்படி ஏழு என்று விசாரித்தால், நாளைக்கு மழை வரும் என்று சொல்லக்கூடிய மீனவர்களையெல்லாம் அவர்கள் வானிலை ஆய்வாளர்களாகச் சேர்த்திருந்தார்கள். இன்னொரு நாடு கள் இறக்குகிறவர்களை நொதித்தல் துறையில் போட்டிருந்தது. நம் நாட்டுச் செயலாளர் டாக்டர் நாகரத்தினம் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"அறிவியலாளர் இல்லாத நாடு என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. எண்ணத் தெரியாத நாடுகள்தான் உண்டு. அந்தப் பழியை நாம் இனியும் சுமக்க முடியாது."

கைதட்டல் முடிவதற்குள் எல்லாத் தோட்டங்களுக்கும் சுற்றறிக்கை புறப்பட்டுவிட்டது.

தனராஜ் கிராணி பொறுப்பான மனிதர். மருந்து அடிக்கிறவர்களைப் பயன்பாட்டு வேதியியலாளர், மூன்றாம் நிலை என்று எழுதினார். கொழுந்து எடுக்கிறவர்களையும் கங்காணியையும் தாவரவியலில் போட்டார். கவ்வாத்து வெட்டுகிறவர்கள் தாவர அறுவை நிபுணர்கள் ஆனார்கள். தொழிற்சாலையில் இலையை உதறிப் பரப்புகிற நான்கு பேர் காற்றியக்க ஆய்வாளர்கள். லோரிக்கு ஆட்டா மாவு மூட்டை ஏற்றி இறக்குகிற சுப்பனுக்கு என்ன போடுவது என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு புவியீர்ப்பு என்று போட்டார்.

ஐயா பேரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று எடுபிடி கேட்டதற்கு, கூலிக்காரர்கள் பேருக்குக் கீழே தன் பேர் வருவதா என்று கிராணி பேனாவை மூடினார். தோட்டத்து மேனேஜரான துரையும் அதையே சொன்னார். மருந்தகத்து டிரெஸ்ஸரும் அதையே சொன்னார். ஆகவே துரை, கிராணி, டிரெஸ்ஸர் மூவரும் நிர்வாகம் என்ற தலைப்பின்கீழ், அறிவியல் தெரியாதவர்களாகப் பதிவானார்கள்.

பெயர்களைக் கிராணி பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதினார். அதனால் காளியம்மாவும் வேதியியலாளர் ஆனாள். காளியம்மா இறந்து அப்போது பதினாலு மாதம்.

இந்தக் காளியம்மா பாஞ்சாலையின் அண்ணி. இரண்டு பேரும் ஒரே செட்டில், ஒரே வேலைக் கூட்டத்தில், பதினோரு வருஷம் மருந்து அடித்தவர்கள். காளியம்மாவுக்கு முதலில் கை நகங்கள் கறுத்து ஒவ்வொன்றாகக் கழன்றன. அடுத்த வருஷம் மூக்கில் ரத்தம். அதற்கடுத்த வருஷம் மூச்சு ஏறவில்லை. தண்ணீர்க் குழாயிலிருந்து லயத்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. பாஞ்சாலைக்கு இப்போது நகம் போயிற்று. மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்துவிட்டது. அடுத்தது என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு முன்னால் அவள் பம்பை இறக்கிவைத்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போய்விட வேண்டும். அவள் இந்த உலகத்தைக் கேட்டது அவ்வளவுதான்.

செட்டு மாறுவதென்றால் டிரெஸ்ஸர் செல்லையா ஒரு சிட்டு, ஒரு துண்டுச் சீட்டு, எழுதித்தர வேண்டும். செல்லையா தோட்டத்து மருந்தகத்தில் இருபது வருஷமாக இருந்தவர். அந்த இருபது வருஷத்தில் அவர் ஒரே ஒரு நோயைத்தான் கண்டிருந்தார். குளிர். தலைவலி என்றாலும் குளிர், வயிற்றுப்போக்கு என்றாலும் குளிர். கேமரன் மலையில் குளிர் இல்லை என்று யாரும் வாதாட முடியாது. காளியம்மாவின் கடைசிச் சிட்டிலும் குளிர் என்றுதான் இருந்தது.

பாஞ்சாலை அறிவியலாளர் ஆன மறுவாரம் மருந்தகத்துக்குப் போனபோது, செல்லையா அதைக்கூட எழுதவில்லை.

"இப்ப நீ கெமிஸ்ட் பாஞ்சாலை. ஆப்பீஸ்ல பேர் ஏறிருச்சு. கெமிஸ்டுக்கு கெமிக்கல் ஒத்துக்கலைன்னு நான் எழுதினா வெளிநாட்டுக்காரன் என்னா நினைப்பான்?"

"என்னா நினைச்சா எனக்கென்னாங்க. ரத்தம் எனக்குத்தானே வருது."

"ரத்தம் எல்லாருக்கும்தான் வரும்லா. நாட்டு மானம்னு ஒண்ணு இருக்குல்ல."

அவள் திரும்பி வந்துவிட்டாள்.

அடுத்த மாதம் டாக்டர் நாகரத்தினம் அறிவியலாளர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கத் தோட்டத்துக்கு வந்தார். டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் பாஞ்சாலைக்கு ஒரு நம்பிக்கை. செல்லையாவுக்கு மேலே ஒருவர் இருக்கத்தானே வேண்டும்? வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், தங்கக் கோடு போட்ட காகிதத்தை வாங்குவதற்குப் பதிலாக இரண்டு கையையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒன்பது விரலில் நகம் இல்லை.

நாகரத்தினம் ஓரடி பின்னால் போனார். "நான் அந்த டாக்டர் இல்லம்மா. ஆராய்ச்சி எழுதிப் பட்டம் வாங்கின டாக்டர்."

"அப்ப ஒரு சிட்டு எழுதிக் குடுங்கய்யா. கொழுந்துக்குப் போயிர்றேன்."

"நீ கொழுந்துக்குப் போனா வேதியியல்ல ஒண்ணு குறையும்மா. தாவரவியல்ல ஏற்கெனவே நமக்கு நிறைய."

"அப்ப கைக்கு உறையாச்சும் குடுங்க."

கையுறை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டிருக்கிறாய் என்று பாராட்டினார். வியூகத்தில் கையுறைக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறதாம். பிறகு, கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் பேசினார். அந்தப் பேச்சைச் சொல்லித்தான் ஆகவேண்டும், கண்ணுகளா.

"கையுறையை வெளிநாட்டிலிருந்து வாங்குவது அடிமைத்தனம். அதனால் ஐந்து நாடுகளும் பிராந்திய ஒத்துழைப்பின் அடிப்படையில் கையுறைத் தன்னிறைவு காண முடிவெடுத்திருக்கிறோம். இடதுகை உறையை ஒரு நாடு தயாரிக்கும். வலதுகை உறை இன்னொரு நாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கட்டைவிரல் தொடர்பாக இரண்டு நாடுகளுக்கிடையில் கருத்து வேறுபாடு உண்டு. பேச்சுவார்த்தை நல்ல முறையில் நடந்துவருகிறது. ஐந்தாவது நாடு சுண்டுவிரல் அளவை நிர்ணயிக்க ஒரு கழகம் தொடங்கியிருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தில் நம் பெண்கள் எல்லோர் கையிலும் உறை இருக்கும்."

கைதட்டினார்கள். ரப்பர் பால் ஆறாக ஓடுகிற நாட்டில் நின்றுகொண்டு, தொண்ணூற்றைந்து வரை தன் கையை எங்கே வைத்திருப்பது என்று பாஞ்சாலை யோசித்தாள். அவள் கணக்குப்படி அவளுக்கு எண்பத்துமூன்று வரைதான் நேரம் இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சான்றிதழை அவள் கிழிக்கவில்லை, எரிக்கவும் இல்லை. அரிசி டின்னுக்கு மூடி சரியில்லாமல் இருந்தது. அதன்மேல் வைத்தாள். அழவும் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, வேலை ஓடும். எல்லாத் துணியையும் எடுத்துப்போட்டுத் துவைத்தாள்.

மாதக்கணக்கில் நீண்ட அந்த வருஷக் கூட்டத்தின் கடைசியில், ஐந்து நாட்டுப் பிரதிநிதிகளும் களத்துக்குப் போய் மக்களோடு ஒருநாள் உழைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. வியூகத்தின் அட்டையில் போட ஒரு படம் தேவைப்பட்டது. எட்டாங்கட்டைத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அறிவியலாளர் நெரிசல் அதிகமுள்ள இடம் அதுதான். துரைக்குக் கடிதம் வந்தது: உண்மையான அனுபவம் வேண்டும், தோட்டத்து வழக்கத்தில் எங்களுக்காக ஒரு சிறு மாற்றமும் செய்யக்கூடாது, பெரட்டில் எங்கள் பெயரையும் கூப்பிட வேண்டும்.

பெரட்டு என்பது காலை ஆறு மணிக்கு ஆப்பீஸ் முன்னால் எல்லோரும் நிற்க, கங்காணி பெயர் கூப்பிட்டு இன்றைக்கு யாருக்கு என்ன வேலை என்று சொல்வது. பெயருக்கு ஒருமுறை இருக்கேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தாலும் சரி, பிள்ளை வலி கண்டாலும் சரி, கங்காணி காட்டின மலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். முனியாண்டி கங்காணி முப்பது வருஷமாகப் பெயர் கூப்பிடுகிறவர். இருக்கேன் என்று சொன்ன எவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

முந்தின நாள் சாயந்தரம் கிராணி பாஞ்சாலையைக் கூப்பிட்டு, பெரிய மனிதர்கள் தோளில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்ள ஐந்து பம்பு எடுத்துவை, ஐந்தும் காலியாக இருக்கட்டும், அவர்களுக்கு முதுகு வலிக்கக்கூடாது என்றார். சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு அவள் பம்பு அறைக்குப் போனாள்.

அங்கே இருபத்தாறு பம்புகள் இருந்தன. எது எங்கே ஒழுகும் என்பது பாஞ்சாலையின் முதுகுக்குத் தெரியும். மூன்றாம் நம்பர் கழுத்தில் ஒழுகும். ஒன்பது இடுப்பில். பதினாலு நிமிர்ந்து நின்றால் ஒழுகாது, குனிந்தால் குடம் கவிழ்ந்த மாதிரி. பதினேழும் இருபதும் எங்கே ஒழுகும் என்று சபையில் சொல்வதற்கில்லை. ஐந்தையும் பொறுக்கி எடுத்தாள். கால் பம்பு அளவுக்கு நிரப்பினாள். முழுசாக நிரப்பினால் பாரம் காட்டிக்கொடுத்துவிடும். கால் பம்பென்றால், பம்பே இவ்வளவு கனம்போல என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் யாரும் பம்பைத் தூக்கிப் பார்த்தவர்கள் இல்லையே.

எதை நிரப்பினாள் என்று கேட்பீர்கள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஓடைத் தண்ணீர். அதில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்திருந்தாள், கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து. புல் மருந்தின் பச்சையும் நீலமுமான அந்த நிறம் அப்படியே வந்துவிட்டது. நாற்றத்துக்கு ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அது பம்புகளில் வருஷக்கணக்காக ஊறிக்கிடந்தது.

மறுநாள் காலை பனிமூட்டத்தில் இரண்டு கார்கள் வந்து நின்றன. ஐந்து பேரும் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக இறங்கினார்கள். படம் எடுக்கிறவர் ஒருவர், குறிப்பெடுக்கிற சரோஜா ஒருத்தி. சரோஜா குழுவின் சுருக்கெழுத்துக்காரி. ஐந்து நாட்டுப் பிரதிநிதிகளும் ஓரிடத்தில் இருந்தால் அது கூட்டம், கூட்டத்தில் வாயிலிருந்து வருவதெல்லாம் குறிப்பில் ஏற வேண்டும் என்பது குழுவின் சட்டம். ஒன்பது வருஷமாக அவள் தும்மலைக்கூட விட்டதில்லை.

முனியாண்டி கங்காணி பெயர் கூப்பிட்டார். வெளிநாட்டுப் பெயர்களை அவர் வாயில் கேட்ட பிரதிநிதிகள் சிரித்தார்கள். ஒவ்வொருவரும் கை தூக்கி, கிராணி சொல்லிக்கொடுத்தபடி இருக்கேன் என்றார்கள். கடைசியில் நாகரத்தினமும் இருக்கேன் என்றார். கங்காணி தாளை மடித்தார்.

"அஞ்சு பேரும் மேல்மலை. மருந்து."

படம் எடுக்கிறவர் கேட்டுக்கொண்டபடி அவர்கள் பம்பை மாட்டிக்கொண்டு சரிவில் ஏறினார்கள். பாஞ்சாலை பின்னால் போனாள். செட்டுப் பெண்களும் போனார்கள். நல்ல சரிவு அது. ஏறுகிறவன் குனியாமல் ஏற முடியாது. பத்தடி போவதற்குள் பதினாலாம் நம்பர் தன் வேலையைக் காட்டியது. கட்டையான ஒரு பிரதிநிதி நின்று முதுகைத் தடவிப் பார்த்தார். கை நீலமாக வந்தது. அதற்குள் மூன்றாம் நம்பர் நாகரத்தினத்தின் கழுத்துப்பட்டைக்குள் இறங்கிவிட்டது.

"இது என்னம்மா? பம்பு காலின்னுதானே சொன்னாங்க?" என்றார் நாகரத்தினம்.

"காலிப் பம்பு வச்சு எப்படிங்கய்யா உண்மையான அனுபவம் கெடைக்கும்?" என்றாள் பாஞ்சாலை. "மருந்துதான். நாங்க தெனம் அடிக்கிற அதே மருந்து."

அதற்குப் பிறகு நடந்ததை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. குழுவின் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. டாக்டர் நாகரத்தினம் கோட்டைக் கிழித்து எறிந்தார். சட்டையைக் கழற்றினார். எறும்புப் புற்றில் உட்கார்ந்தவர்போல் சரிவில் குதித்துக்கொண்டே கத்தினார்.

"தண்ணி கொண்டா! தோல் வழியா உள்ள போயிரும்! நுரையீரல் கல்லாயிரும், மாத்து மருந்தே கெடையாது!"

பாஞ்சாலை அசையவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"நகம் போகுமாங்கய்யா?"

"மொதல்ல நகம்தான் போகும்! அப்புறம் மூக்குல ரத்தம்! அப்புறம் மூச்சு! தண்ணி கொண்டா!"

"அய்யாவுக்கு இது எப்ப தெரியும்?"

"எழுபத்துநாலுலயே அறிக்கை வந்துச்சு, அஞ்சு நாட்டுக்கும் வந்துச்சு! தண்ணி!"

சரோஜா எழுதிக்கொண்டிருந்தாள்.

எழுபத்துநாலு. அப்போது காளியம்மாவுக்குப் பத்து நகமும் இருந்தது.

பாஞ்சாலை கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, தண்ணீர்க் குழாய் லயத்துப் பக்கம் இருப்பதாகவும், ஓடினால் கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்றும் மரியாதையோடு வழி சொன்னாள். வண்டிப்பாதை வழியாகப் போனால் ஐந்து நிமிஷம்தான். அதை அவள் சொல்லவில்லை.

ஐந்து நாடுகளும் ஓடின. வழியில் சிலுவாரும், அதாவது காற்சட்டையும், போயிற்று. லயத்துக் குழாயடியில், ஒரே ஒரு குழாய்க்காக, பிராந்திய ஒத்துழைப்பு ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகக் கைகலப்பு வரை போனது. செல்லையா டிரெஸ்ஸர் மூச்சிரைக்க வந்தார். குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற ஐந்து பேரையும் பார்த்தார். ஐந்து சிட்டு எழுதினார். ஒன்றிலும் குளிர் என்று எழுதவில்லை. மருந்து நஞ்சு, உடனே மருந்தடிப்பிலிருந்து விலக்குக என்று ஐந்திலும் அழகான கையெழுத்தில் எழுதினார். இருபது வருஷமாக அவருக்கு எழுதத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் லயத்துக்குத் தெரிந்தது.

சோப்பு நுரையோடு நின்றபடியே குழு ஒரு தீர்மானம் போட்டது. அறிவியலாளர் எவரும் இனி இந்த மருந்தைக் கையாலும் தொடக்கூடாது. அது குழுவின் வரலாற்றில் முதல் ஒருமனதான தீர்மானம். எட்டே நாளில் சுற்றறிக்கையாகி, அறிவியலாளர் உள்ள எல்லா இடங்களுக்கும் பெயர்ப்பட்டியலோடு போய்ச் சேர்ந்தது.

முனியாண்டி கங்காணி அதைப் பெரட்டில் கிராணியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முப்பத்தொன்பது பெயர். காளியம்மா என்று படித்தபோது பாஞ்சாலை, "அவ ஏற்கெனவே விலகிட்டா" என்றாள். கங்காணி தலையை அசைத்துவிட்டு, பாஞ்சாலையைக் கொழுந்துக்குப் போகச் சொன்னார். செட்டுப் பெண்கள் எல்லோரையும் கொழுந்துக்குப் போகச் சொன்னார். பிறகு புல் மருந்துக்கு ஆள் வேண்டுமே என்று சுற்றும்முற்றும் பார்த்தார். தோட்டத்தில் அறிவியல் தெரியாதவர்கள் மூன்றே பேர்தான் இருந்தார்கள்.

துரை மலையைப் பார்த்தார். தனராஜும் செல்லையாவும் தரையைப் பார்த்தார்கள்.

துரையைத் தவிர மற்ற இருவரும் இரண்டு நாள் பம்பு தூக்கினார்கள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை பிளாஸ்டிக் துணி சுற்றி, மேலே மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு போனார்கள். கையுறை எப்படியோ கிடைத்திருந்தது. ஈப்போவிலிருந்து ஒரே நாளில் வந்ததாம், இரண்டு கைக்கும், கட்டைவிரலோடு. பெண்கள் கொழுந்துக்காட்டில் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். யாரும் உதவிக்குப் போகவில்லை. போக வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் செல்லையா தனக்குத்தானே ஒரு சிட்டு எழுதிக்கொண்டு படுத்துவிட்டார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பிரதிநிதிகளின் ரத்தமும் சிறுநீரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தன. மூன்றாம் வாரம் பதில் வந்தது. ஐந்து பேர் உடம்பிலும் மருந்து துளியும் இல்லை. ஒருவருக்குக் கொஞ்சம் சர்க்கரை.

துரை துள்ளிக் குதித்தார். நாகரத்தினத்தை வரவழைத்தார். பாஞ்சாலையையும் ஆப்பீசுக்குக் கூப்பிட்டார்கள். மருந்தில் விஷமில்லை என்றாகிவிட்டது, தீர்மானத்தைத் திருப்பிக்கொண்டால் நாளைக்கே பெண்கள் பம்பைத் தூக்கலாம் என்பது துரையின் கட்சி. பாஞ்சாலை கதவைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் இருபத்தாறு பம்புகளும் இருந்த அறையின் சாவி தொங்கியது. மறுபடியும் அது அவள் கைக்கு வந்தால், எண்பத்துமூன்றும் வந்துவிடும்.

கிராணி கேட்டார். "உண்மையச் சொல்லு. அன்னிக்குப் பம்புல என்னா ஊத்தினே? மருந்தா, வேறயா?"

அவள் கிராணியைப் பார்க்கவில்லை. நாகரத்தினத்தைப் பார்த்தாள்.

"அய்யா என்னா சொல்றாரோ அதான். நீலம்னு எழுதணும்னாலும் எழுதிக்கிங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. அஞ்சு நாட்டுப் பெரியவங்களும் சலவை நீலத்துக்குப் பயந்து சிலுவாரக் கழட்டிட்டு ஓடினாங்கன்னு அதுக்குக் கீழயே எழுதிருங்க. படம் வேற எடுத்திருக்காங்க."

ஒரு மனிதனுடைய மானத்துக்கும் ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைக்கும் நடுவில் நாகரத்தினம் நின்றார். மானம் தன்னுடையதாக இருந்தபடியால் தயங்காமல் முடிவெடுத்தார்.

"அது மருந்துதான். என் அனுபவத்தை எந்த ஆஸ்பத்திரியும் மறுக்க முடியாது. கடுமையான நஞ்சு. எங்கள் மன உறுதியால்தான் உடம்பில் தங்கவில்லை. இதை வியூகத்தில் ஓர் இணைப்பாகச் சேர்க்கப்போகிறேன்."

அப்படியானால் இந்த முப்பத்தொன்பது பெயரையாவது அறிவியலாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று துரை கெஞ்சினார். நாகரத்தினம் அதிர்ந்துபோனார். பக்கத்து நாடு அப்போது எட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

மேல்மலையில் புல் இடுப்பளவு வளர்ந்தது. துரை வேறு வழியில்லாமல் மண்வெட்டி வாங்கினார். ஆண்கள் வெட்டினார்கள். மழைக்காலத்தில் பம்பு அறைக் கூரை இடிந்து விழுந்தது. யாரும் எடுத்துக்கட்டவில்லை.

பாஞ்சாலை கொழுந்து எடுத்தாள். எண்பத்துமூன்று வந்தது, போனது. அவள் இருந்தாள். அவர்கள்மேல் கொஞ்சமாவது இரக்கம் வந்ததா என்று பிற்பாடு அவளிடம் கேட்டவர்கள் உண்டு. குழாயடியில் தண்ணீர் ரொம்பக் குளிராக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

எண்பத்துநாலில் குழுவிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு அறிவியலாளரும் தாம் செய்த ஆராய்ச்சி ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். அறிவியலாளர் வாயால் சொல்லச் சொல்ல அலுவலகம் ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதித்தர வேண்டும் என்று அடியில் அச்சிட்டிருந்தது. தனராஜ் கிராணி வேறு வழியில்லாமல் பாஞ்சாலைக்கு நாற்காலி போட்டார். அவள் உட்கார்ந்தாள். மலையிலிருந்து நேராக வந்திருந்ததால் காலில் சேறு. அதை அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

ஆராய்ச்சிப் பொருள் என்று கிராணி படித்தார். புல் மருந்து என்றாள். ஆராய்ச்சி செய்த இடம் என்று படித்தார். மேல்மலை என்றாள். முடிவு என்று படித்துவிட்டுப் பேனாவோடு காத்திருந்தார்.

பாஞ்சாலை அவசரப்படவில்லை. அவருடைய பேனா காகிதத்தைத் தொடும்வரை பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"அஞ்சு பேர் மேல ஊத்திப் பாத்தோம். அஞ்சு பேருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு. எழுதுங்க."

கிராணி எழுதினார்.